இருநூறு வருடம் கழித்து அடிமை வணிகத்துக்கு இழப்பீடு கேட்க சர்வதேசச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

கேள்வியோடு நிறுத்தியிருந்தால் நான் பாட்டுக்குத் தாண்டிப் போயிருப்பேன். "செத்தவனுக்குச் சேர வேண்டியதை இருக்கிறவன் ஏன் கட்டணும்?" என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டீர்கள். சட்டக் கல்லூரிப் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் யாரும் முன்பணம் வாங்கி எங்கேயும் மாட்டிக்கொண்டதில்லை என்பதும் தெரிகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நேராக வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம். ஒரு காரியம் நடந்த காலத்தில் என்ன சட்டம் இருந்ததோ அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று 1928-ல் பால்மாஸ் தீவு வழக்கில் நடுவர் மாக்ஸ் ஹூபர் சொன்னார். ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-ல் வகுத்த அரசுப் பொறுப்பு விதிகளில் 13-வது விதியும் அதேதான். அடிமை முறைக்கு எதிரான உலக ஒப்பந்தம் வந்ததே 1926-ல். அதற்கு முன்னால் நடந்ததைக் கேட்டால், "அப்போ அது சட்டப்படி சரிதானே" என்பார்கள். அந்தச் சட்டத்தை எழுதியது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆனால் உங்களுடைய அந்த ஒரு வரிக்கு பிரிட்டனே பதில் சொல்லியாகிவிட்டது. 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு. அதற்காக வாங்கிய கடன் முழுசாக அடைந்தது 2015-ல். அதுவரைக்கும் அங்கே வரி கட்டியவர்கள் எல்லாரும், அடிமைகளின் வம்சத்தில் வந்தவர்கள் உட்பட, செத்துப்போன முதலாளிகளின் கணக்கைத்தான் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். ஹைட்டியில் இன்னும் மோசம். சண்டை போட்டு விடுதலை வாங்கியவர்கள்மேலேயே 1825-ல் பிரான்சு 15 கோடி பிராங்கு விதித்தது, பிறகு 9 கோடியாகக் குறைத்தது. முதலாளியிடம் பதிவேடு இருந்தது, தலை எண்ணி எழுதியிருந்தது, காட்டிப் பணம் வாங்கினான். அடிமை அந்தப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

எங்கள் பாராமகால் பக்கம், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம், 1792-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1833 சட்டம் கம்பெனி ஆண்ட சீமையைத் தொடவே இல்லை. 1843-ல் வந்த சட்டம், ஒருவன் இன்னொருவனுக்கு அடிமை என்பதை நீதிமன்றம் ஏற்காது என்றதோடு சரி. யாருக்கும் காலணா கிடையாது.

பதிவேடு என்றால் எனக்குக் குவாரி நோட்டுதான் ஞாபகம் வரும். அத்தை கல்யாணத்துக்கு அப்பா முன்பணம் வாங்கி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல் குவாரியில் குடும்பத்தோடு போய் இறங்கினார். வாரா வாரம் அரிசி பருப்புக்கு மட்டும் காசு. மீதியைப் 'பற்றில் கழிச்சுக்கறோம்' என்பார்கள். ஜல்லி உடைக்க உடைக்கப் பற்று ஏறியதே தவிர இறங்கவில்லை. நான் எப்படியோ விடுதியில் சேர்ந்து படித்துவிட்டேன். அவர் வெளியே வர 2016-க்கு மேல் ஆகிவிட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வாங்கினே, ஆதாரம் என்ன?" அப்பா, "நோட்டு அவங்ககிட்டதான் சாமி இருக்கு" என்றார். கூட வந்திருந்த வக்கீலம்மா 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15-வது பிரிவை எடுத்து வாசித்தார். தொழிலாளி அதைக் கொத்தடிமைக் கடன் என்று சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவன்தான். அதற்கப்புறம்தான் விடுதலைச் சான்று கையில் வந்தது.

உடனடி உதவி 20,000 ரூபாய் கிடைத்தது. மீதி 1 லட்சம், மத்திய அரசின் 2016 மறுவாழ்வுத் திட்டப்படி, குவாரிக்காரர்மேல் போட்ட வழக்கின் முடிவோடு கோத்திருக்கிறது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தார்கள். வாய்தாமேல் வாய்தா. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் கணக்குப்படி நானும் செத்தவனுக்காகக் கேட்கிறவன்தான்.

'ஆப்பிரிக்கர்கள் பட்டதும் இதுவும் ஒன்றா?' என்று யாராவது பாய்வார்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. கப்பல் அடியில் சங்கிலியில் கிடந்தவர்களோடு எங்களை வைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. சாதியை இழுக்கிறேன் என்றும் சொல்ல வேண்டாம். குவாரிக்காரர் சாதியும் எழுதவில்லை, என் சாதியும் எழுதவில்லை. ஆனால் அடிமை ஒழிப்புக்கான ஐ.நா.வின் 1956 துணை ஒப்பந்தம் கடனுக்காகக் கட்டிவைப்பதையும் அடிமைத்தனத்தை ஒத்த முறைகளில் சேர்த்திருக்கிறது. அது நான் சேர்த்தது இல்லை.

பட்டவரே உயிரோடு வந்து நின்றால் சட்டம் கொஞ்சம் அசைகிறது. அடிமையாக விற்கப்பட்ட ஹதிஜது மானி என்ற பெண்ணைக் காக்கத் தவறியதற்காக, 2008-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் நைஜர் அரசை 1 கோடி சி.எப்.ஏ. பிராங்கு கொடுக்கச் சொன்னது. காலனி ஆட்சியில் சித்திரவதைப்பட்ட 5,228 கென்யர்களுக்கு 2013-ல் பிரிட்டன் சமரசமாக ஒதுக்கியது 1.99 கோடி பவுண்டு. 1833-ல் முதலாளிகளுக்குக் கொடுத்ததைவிட எண்ணிக்கையிலேயே குறைவு, பண மதிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் தருமபுரி மாவட்டத்திலேயே வாச்சாத்தி என்ற மலையடிவாரக் கிராமம் இருக்கிறது. 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அங்கே புகுந்து செய்த கொடுமைக்கு தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தண்டித்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது.

அடிமை வணிகத்தில் பட்டவர் யாரும் இன்று உயிரோடு இல்லை. கரீபிய நாடுகள் வழக்கை நம்பாமல் 2014-ல் இழப்பீட்டுக்கு 10 அம்சத் திட்டம் வைத்ததும் இதனால்தான். மன்னிப்பு, சுகாதாரம், கல்வி, கடன் ரத்து என்று அரசிடமிருந்து அரசுக்குக் கேட்கிறார்கள். வழக்காடும் வழி அடைத்திருந்தாலும், ஐ.நா. பொதுச்சபை வழியாக சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்கலாம். மொரீஷியஸிடமிருந்து பிரிட்டன் பிரித்து வைத்துக்கொண்ட சாகோஸ் தீவுகள் விஷயத்தில் 2019-ல் அப்படித்தான் பிரிட்டனுக்கு எதிராக வந்தது. கட்டுப்படுத்தாதுதான், ஆனால் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்து உட்கார வைத்தது. பரீட்சைக்காகக் கேட்டிருந்தால் இந்தக் கடைசிப் பத்தியை எழுதினால் போதும்.