அந்த 0.71 எங்க போச்சு?

கேள்வி: அக்கா வணக்கம். நான் பிஎச்டி மூணாவது வருஷம், மழை டேட்டாவ வச்சு பைத்தான்ல அனாலிசிஸ் பண்றேன். போன வருஷம் அனுப்புன பேப்பருக்கு இப்பதான் ரிவ்யூ வந்துச்சு, மூணாவது படத்துல சின்னதா ஒரு மாத்தம் கேட்டிருக்காங்க. ஃபோல்டர தொறந்தா அனாலிசிஸ்_நியூ, அனாலிசிஸ்_ஃபைனல், அனாலிசிஸ்_ஃபைனல்2, கைடு_சொன்னதுன்னு ஒம்போது ஃபைல் கெடக்கு. எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டேன், பேப்பர்ல போட்ட 0.71 எதுலயும் வரல, 0.68 தான் வருது. லேப் சீனியர் கிட் (Git) கத்துக்கோங்கறார், கோட்ல பண்ற மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கிற சாஃப்ட்வேராம். அது சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்களுக்கு தானே? எனக்கு இப்ப அதுக்கெல்லாம் நேரம் இருக்கா?
– ஒரு ஆய்வு மாணவி

பதில்: பயப்படாதீங்க மா, மொதல்ல அந்த நம்பர தேடுவோம். கைடுக்கு அனுப்புன பழைய மெயில் அட்டாச்மென்ட்ல கோட் இருக்கான்னு பாருங்க, அப்புறம் விட்டுப்போன நாள என்ன பண்ணிருக்கீங்கன்னு பாருங்க. நம்ம வானிலைத் துறையோட கிரிட் மழை டேட்டால டேட்டா இல்லாத எடத்துல -999ன்னு இருக்கும், அத தூக்கிட்டோமா இல்ல 0ன்னு மாத்திட்டோமாங்கற ஒத்த வரி போதும், 0.71 நகந்து 0.68 ஆயிடும். பாண்டாஸ், அதான் டேட்டா அனாலிசிஸுக்கான பைத்தான் லைப்ரரி, அதோட வெர்ஷன் மாறிருக்கான்னும் ஒரு பார்வ பாத்துருங்க. எங்கயும் கிடைக்கலன்னா 0.71 வர்ற வரைக்கும் கோட வளைக்காதீங்க, கைடு கிட்ட உள்ளத சொல்லி, எந்த முறை சரின்னு முடிவு பண்ணி, வர்ற நம்பர பேப்பர்ல திருத்திப் போடுங்க. கஷ்டமா தான் இருக்கும், ஆனா அத விட்டா வேற வழி கெடையாது.

இப்ப கிட். 2005ல லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதுனது தான், அதனால சாஃப்ட்வேர்காரங்க பொருள்ங்கறது சரிதான், ஆனா அது பதில் சொல்ற கேள்வி உங்க கேள்வி தான் – எந்த வரி எப்ப மாறுச்சு, யார் மாத்துனாங்க, எதுக்கு.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல அப்சர்வேஷன் நோட்டு, ரெக்கார்ட் நோட்டுன்னு ரெண்டு வச்சிருந்தோம்ல, அதேதான். நீங்க தினமும் அடிச்சுத் திருத்துற ஃபோல்டர் அப்சர்வேஷன். அதுல இதெல்லாம் ரெக்கார்டுக்குப் போகணும்னு எடுத்து வைக்கிறது கிட் ஆட். தேதியோட பேரோட ரெக்கார்ட்ல ஏத்துறது கிட் கமிட். ஆரம்பத்துல ஒரு தடவ ஃபோல்டர் உள்ள போய் கிட் இனிட் அடிச்சா போதும், எது ஏத்தாம கெடக்குன்னு கிட் ஸ்டேட்டஸ் சொல்லும். இந்த நாலு, கூட என்ன மாறுச்சுன்னு காட்டுற டிஃப், பழைய கமிட்டெல்லாம் வரிசையா காட்டுற லாக், அவ்ளோதான் உங்களுக்கு முதல் ரெண்டு மாசத்துக்கு. பிராஞ்ச், மெர்ஜ் எல்லாம் தனியா வேல பாக்குறவங்களுக்கு இப்ப வேணாம்னு தான் நான் சொல்லுவேன், நெறைய பேர் அதுல மாட்டிக்கிட்டு தான் மொத்தத்தையும் விட்டுடறாங்க.

டிஃப்ப ஒரு தடவ கண்ணால பாத்துட்டா அப்புறம் விட மாட்டீங்க. கிட் டிஃப்னு அடிச்சதும் செவப்புல கழித்தல் குறி போட்டு பழைய வரி, டிராப்என்ஏ, அதாவது டேட்டா இல்லாதத தூக்குறது. அதுக்குக் கீழ பச்சையில கூட்டல் குறியோட புது வரி, ஃபில்என்ஏ 0, அதாவது அந்த எடத்துல 0 போடுறது. ஒம்போது ஃபைல ஓட்டித் தேடுனது இந்த ரெண்டு வரிக்குத்தான்!

கமிட் மெசேஜ்ல அப்டேட், சேஞ்சஸ்னு எழுதாதீங்க, ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே புரியாது. "டேட்டா இல்லாத நாள 0ன்னு எண்ணாம விட்டாச்சு, ஏன்னா 0ன்னு எண்ணுனப்ப சராசரி கொறஞ்சு வந்துச்சு"ன்னு காரணத்தோட எழுதுங்க, என்ன மாறுச்சுன்னு டிஃப் காட்டிடும், ஏன்னு உங்கள விட்டா சொல்ல ஆள் இல்ல.

நான் ரொம்ப அழுத்திச் சொல்றது இது ஒண்ணு தான். ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்துல ஒரு அடையாளம் வரும், முதல் ஏழு போதும். படம் எடுக்குறதுக்கு முன்னாடி ஸ்டேட்டஸ் பாத்து எல்லாத்தையும் கமிட் பண்ணிட்டு, கோட ஓட்டி, அந்த ஏழெழுத்த படத்தோட ஃபைல் பேர்லயே சேத்துருங்க. பேப்பர் அனுப்புற அன்னைக்கு கிட் டேக் போட்டு சப்மிட்1ன்னு பேர் வைங்க. அடுத்த வருஷம் ரிவ்யூ வந்தா அந்த டேக்குக்குப் போனா அன்னைக்கு இருந்த கோட் அப்படியே இருக்கும். ஆனா அதே நம்பர் வரணும்னா டேட்டா ஃபைலும் லைப்ரரி வெர்ஷனும் மாறாம இருக்கணும், அதனால வெர்ஷன் லிஸ்ட்ட ஒரு ஃபைல்ல எழுதி அதையும் கமிட் பண்ணிருங்க.

பெரிய டேட்டாவ உள்ள போடாதீங்க, கோட ஆன்லைன்ல ஏத்தி வைக்கிற கிட்ஹப், 100 எம்பிக்கு மேல உள்ள ஃபைல வாங்காது. கிட் கண்டுக்கக் கூடாத ஃபைல் பேர எழுதி வைக்கிறதுக்குன்னே கிட்இக்னோர்னு ஒரு ஃபைல் இருக்கு, அந்தப் பேரெல்லாம் அதுல முதல் கமிட்டுக்கு முன்னாடியே எழுதிருங்க, ஏன்னா ஒரு தடவ ஏறிட்டா நீங்க அழிச்சாலும் பழைய கமிட்ல உக்காந்திருக்கும். பாஸ்வேர்டு, சர்வேல பதில் சொன்னவங்க பேர், இதெல்லாம் ஏறவே கூடாது. கோடும் அதோட ரிசல்ட்டும் ஒரே ஃபைல்ல இருக்குற ஜூபிட்டர் நோட்புக்கா இருந்தா அவுட்புட்ட கிளியர் பண்ணிட்டு கமிட் பண்ணுங்க, இல்லன்னா படமெல்லாம் எழுத்தா மாறி டிஃப்ல பக்கம் பக்கமா கொட்டும்.

நேரம் கேட்டீங்க. சாஃப்ட்வேர் கார்பென்ட்ரின்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குன்னே இலவசமா பாடம் இருக்கு, ஒரு சனிக்கிழம உக்காந்தா போதும். அந்த ஒம்போது ஃபைலையும் அழிக்காம பழையதுன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டுட்டு, இப்ப 0.68 குடுக்குற ஃபைல முதல் கமிட்டா ஏத்துங்க.

கேள்வி: கமிட் பண்ணிட்டா லேப்டாப் போனாலும் கோட் பத்திரமா இருக்குமா? கோட கெடுத்துட்டா எப்படி திரும்புறது?
– இன்னொரு வாசகர்

பதில்: இருக்காது தம்பி. கமிட் எல்லாம் அதே ஃபோல்டர்ல மறைஞ்சிருக்க டாட் கிட்ல தான் இருக்கு, லேப்டாப்போட அதுவும் போயிடும். கிட்ஹப்லயோ கிட்லேப்லயோ பிரைவேட் ரெப்போ, அதாவது மத்தவங்க பாக்க முடியாத கோட் ஃபோல்டர், இலவசம், சாயங்காலம் கெளம்பும்போது கமிட்டெல்லாம் அங்க ஏத்துற மாதிரி ஒரு புஷ் போட்டுட்டு கெளம்புங்க. ரெண்டாவது கேள்விக்கு, கிட் ரிஸ்டோர் போட்டு ஃபைல் பேர் குடுத்தா, நடுவுல எதையும் ஆட் பண்ணலன்னா, கடைசி கமிட்ல இருந்தபடி வந்துரும், 2019ல வந்த கமாண்ட், அதுக்கு முந்தின கிட்னா செக்அவுட். ஆனா கமிட் பண்ணாம வச்சிருந்த மாத்தம் அதோட போயிடும், கிட் அத திருப்பித் தராது, அதனால எண்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு டிஃப் பாத்துருங்க.