தோட்டம் கேள்வி-பதில்: குடுக்கைச் சுரை காய்வதும் விதை எடுப்பதும்

சுரைக்குடுக்கை பற்றி இந்த முறை கடிதங்கள் அதிகம். எல்லாமே மேற்கு மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வந்தவை.

எரவாணத்தில் கட்டித் தொங்கவிட்ட ஐந்து சுரைக்காயும் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டன. "அழுகிப் போச்சு, தூரப் போடு" என்கிறார்கள் வீட்டில். போட்டுவிடவா?
— வாசகி, புளியரை

அவசரப்படாதீர்கள் அம்மா. முற்றிய சுரைக்காயில் பெரும்பங்கு தண்ணீர்தான். அது தோல் வழியாகவே மெல்ல வெளியேற வேண்டும். அப்படிக் கசியும் ஈரத்தில் மேல்தோலின் மீது பூஞ்சணம் வளர்வது இயல்பு. அதற்குக் கீழே இருக்கும் ஓடு கெட்டியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு காயையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் விட்டுவிடலாம். எங்காவது அமுங்கினாலோ, நீர் வடிந்து நாற்றம் அடித்தாலோ அந்தக் காய் உரக்குழிக்குத்தான். பக்கத்துக் காய்களோடு அதை ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள்.

நல்ல காய்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிநீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். பிறகு ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிடுங்கள். மறுபடியும் பூஞ்சணம் வந்தால் மறுபடியும் துடைத்தால் போதும். சீக்கிரம் காயும் என்று சிலர் ஊசியால் துளை போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், பூஞ்சணம் உள்ளே போக வழி திறந்துவிடுவது அதுதான்.

உங்கள் ஊரில் உண்மையான சிக்கல் காலம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கும்போது எரவாணத்தில் எதுவும் காயாது. இப்போதைக்கு அடுப்படிப் பரணுக்கு மாற்றுங்கள். அடுத்த முறை புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தியில் விதையுங்கள். மாசி, பங்குனியில் காய் முற்றிவிடும். நடுத்தரக் காய் உலர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்பதால் சாரலுக்கு முன் வேலை முடிந்துவிடும். பானை அளவுக் காய்க்கு ஆறு மாதம்கூட ஆகலாம். எடை குறைந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும், அதுதான் கணக்கு.

பாதி காய்ந்ததும் ஒரு காய் சுருங்கி உள்வாங்கிவிட்டது. இன்னொன்றை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன், வெடித்துவிட்டது. ஏன்?
— வாசகர், போடிநாயக்கனூர்

சுருங்கியது இளங்காய். கறிக்குப் பறிப்பது பிஞ்சு பிடித்த பத்துப் பன்னிரண்டு நாளில். குடுக்கைக்கு இரண்டு, இரண்டரை மாதமாவது கொடியிலேயே கிடக்க வேண்டும். காம்பு பழுப்பேறிக் காய்ந்து, நகத்தால் கீறினால் தோலில் தடம் விழாத பக்குவம் வந்த பின்பே அறுங்கள். திருகிப் பறிக்காமல், காம்பு மூன்று விரற்கடை நிற்கும்படி கத்தரியால் வெட்டுங்கள். காம்பு பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்தக் குழியில்தான் முதலில் அழுகும். இரண்டாவது காய் வெடிக்கக் காரணம், வெயில்பட்ட பக்கம் மட்டும் வேகமாக இறுகியது. நிழலும் காற்றோட்டமும் போதும், வெயில் வேண்டாம்.

இடுப்பு சிறுத்த, கள்ளுக் குடுக்கை வடிவச் சுரையின் விதையை அத்தை கொடுத்தார். முதல் வருடம் அச்சாக வந்தது. அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் நீளமும் உருண்டையுமாகக் காய்க்கிறது, ஒன்று கசக்கிறது. விதை மாறிவிட்டதா?
— வாசகி, மீனாட்சிபுரம்

விதை மாறவில்லை, மகரந்தம் கலந்துவிட்டது. (எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சித்தூர்த் தாலுகாவில் இன்னும் கள் இறக்குகிறார்கள், குடுக்கைதான் பிளாஸ்டிக் கேனாகிவிட்டது. அந்த விதையைக் காப்பாற்றுவது நல்ல வேலை.) கறிச்சுரை, குடுக்கைச் சுரை, பாம்புச்சுரை எல்லாம் ஒரே இனம். பக்கத்து வீட்டுக் கறிச்சுரை உங்கள் பூவில் சேர்ந்தால், அந்தக் காயின் வடிவம் மாறாது, உள்ளிருக்கும் விதையின் குணம்தான் மாறும். அதனால்தான் கோளாறு ஒரு வருடம் தள்ளித் தெரிந்தது. பூசணியோடும் பீர்க்கோடும் சுரை கலக்காது, அந்தப் பயம் வேண்டாம்.

விதைப்பண்ணையில் ரகத்துக்கு ரகம் அரைக் கிலோமீட்டராவது இடைவெளி விடுவார்கள். வீட்டுப் பந்தலுக்குக் கைமகரந்தம்தான் வழி. சுரைப்பூ சாயங்காலம் மலர்வது. நான்கு மணிவாக்கில் கொடியைப் பார்த்தால், அன்று மலரப்போகும் மொட்டு வெள்ளையாக உப்பி நிற்கும். அடியில் குட்டிக்காய் இருப்பது பெண், வெறும் நீளக்காம்பு என்றால் ஆண். இரண்டின் நுனியையும் நூலால் கட்டிவிடுங்கள். ஏழு மணிக்குக் கட்டை அவிழ்த்து, ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலிருக்கும் சூல்முடியில் எல்லாப் பக்கமும் தடவுங்கள். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ நல்லது. உடனே பெண்பூவை மறுபடி கட்டி, காம்பில் சிவப்பு நூல் சுற்றுங்கள். மறுநாள் பூ வாடிய பிறகு கட்டை எடுத்துவிடலாம். சில பிஞ்சு உதிரும், ஆகவே ஏழெட்டுப் பூவில் செய்யுங்கள். கொடிக்கு இரண்டு மூன்று விதைக்காய் நின்றால் போதும், மற்றதைப் பிஞ்சிலேயே கறிக்கு எடுங்கள். இலையில் தேமல் கண்ட கொடியில் மட்டும் விதைக்கு விடாதீர்கள். சுரையில் வரும் தேமல் வைரஸ் விதையோடும் பரவும்.

பிஞ்சைப் பழ ஈ குத்தினால் ஓட்டில் வடு விழுந்து, பெரிதானதும் கோணும். முதல் இரண்டு வாரம் துணிப்பை கட்டுங்கள், பந்தலில் ஒரு கியூலூர் பொறி (வாசனையால் ஆண் பழ ஈயை இழுத்துப் பிடிப்பது) தொங்கட்டும்.

கசந்த கொடியை வேரோடு பிடுங்குங்கள். கசப்புச் சுரை விஷம், வேகவைத்தாலும் போகாது. அதன் சாறு வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்திவரை கொண்டுபோகும். எந்தச் சுரையானாலும் நறுக்கியதும் சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள்.

காய்ந்த குடுக்கையிலிருந்து விதையை எடுத்து எப்படி வைப்பது?
— வாசகர், செங்கோட்டை

காம்புப் பக்கம் துளையிட்டுக் குலுக்கினால் கொட்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளேயிருந்து வரும் தூசி இருமலைக் கிளப்பும். சப்பை விதைகளைப் புடைத்துத் தள்ளிவிட்டு, மீதியை நிழலில் ஒரு வாரம் துணியில் பரப்புங்கள். சிமெண்டுத் தரையும் தகரமும் வேண்டாம், மதியச் சூட்டில் முளை செத்துவிடும். வளைத்தால் மடங்காமல் படக்கென்று ஒடிய வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு உலர்ந்த சலித்த சாம்பலோடு கலந்து, மூடியை இறுக்கி, பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். உங்கள் ஊர் ஈரக்காற்றுக்குத் துணிமுடிச்சு ஆகாது. விதைக்குமுன் ஒரு இரவு ஊறவைத்தால் பத்து நாளுக்குள் முளைக்கும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டுரகமானால் விதை எடுத்துப் பயனில்லை, தாய் மாதிரி வராது.

நர்சரியில் வாங்கிய குட்டி அலங்காரச் சுரை, பச்சை மஞ்சள் கோடு போட்டது, காய்ந்ததும் நிறம் போய்விட்டது.
— வாசகி, கம்பம்

மஞ்சள் பூ பூத்ததா? அப்படியானால் அது பூசணி வகை, நம் சுரை இல்லை. ஓடு மெல்லியது, சில மாதம் அலமாரியில் அழகு காட்டும், அவ்வளவுதான்.

குடுக்கையில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாமா? மேலே வார்னிஷ் அடிக்கலாமா?
— வாசகர், கம்பம் கூடலூர்

முதலில் மேல்தோல் போக வேண்டும். ஈரச்சாக்கில் ஒரு இரவு சுற்றிவைத்து, மழுங்கிய கத்தியாலும் தேங்காய் நாராலும் சுரண்டி, காய்ந்ததும் நைசான உப்புத்தாள் போடுங்கள். உள்ளே ஒட்டிய சக்கையை வளைந்த கம்பியால் கிளறி எடுத்து, கைப்பிடி கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, தினமும் மாற்றுங்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் கசப்பே தெரியாத வரை இதைத் தொடர வேண்டும். கசப்புக் கொடியின் குடுக்கையானால் விதை போட்டுவைக்க மட்டும். வார்னிஷ் வெளிப்பக்கம் அடிக்கலாம், தண்ணீருக்கான குடுக்கையில் வாய் விளிம்பைத் தொடாமல் அடியுங்கள்.