பஸ் பாஸா, ஸ்கூட்டர் கடனா?

கேள்வி: கோயம்பேட்டில் இருக்கிறோம். எனக்குச் சோழிங்கநல்லூரில் வேலை. மாதம் 24 நாள். பஸ்ஸுக்கு 1,750 ரூபாய் ஆகிறது. அதில் பத்து தடவை ஏசி பஸ்ஸில் போவதற்கே 500. மனைவி தி.நகர் போய்வர ஷேர் ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் (அவருக்கும் 24 நாள்). கடனில் ஸ்கூட்டர் வாங்கினால் தவணை 3,500. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இருவருக்கும் சேர்த்து இன்று ஆகும் செலவு 3,190 ரூபாய். தவணை மட்டுமே அதைத் தாண்டுகிறது. பெட்ரோல், இன்சூரன்ஸ் தனி. இருவரும் போவது வேறு வேறு இடம் என்பதால் வண்டி ஒருவருக்குத்தான் உதவும்.

மனைவியின் கணக்கை முதலில் பார்ப்போம், மிச்சம் அங்கேதான் அதிகம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில், அதாவது வெள்ளை போர்டு வண்டியில், 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விரைவு, சொகுசு, ஏசி வண்டிகளுக்கு இது கிடையாது. பலரும் நேர் பஸ்ஸுக்காக நின்று நின்று அலுத்துப்போய் ஆட்டோ ஏறுகிறார்கள். டிக்கெட் எடுப்பவருக்குத்தான் வண்டி மாறினால் கூடுதல் செலவு. உங்கள் மனைவிக்கு அது இல்லையே! வடபழனி வரை வரும் எந்த வெள்ளை போர்டிலும் ஏறி, அங்கே மாறிக்கொள்ளலாம். வண்டி எங்கே வருகிறது என்பதைச் 'சென்னை பஸ்' செயலி காட்டும். காலை அவசரத்துக்கு ஆட்டோ இருக்கட்டும், மாலை மட்டும் பஸ் என்றாலே மாதம் 720 ரூபாய் மிச்சம்.

சரி, உங்களுக்கு வருவோம். 1,000 ரூபாய் மாதப் பாஸில் ஏசி தவிர மற்ற மாநகரப் பேருந்துகளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். ஏசி அல்லாத வண்டிகளுக்கு இப்போது 1,250 கொடுக்கிறீர்கள், ஆக 250 மிச்சம். ஏசிக்கும் சேர்த்து 2,000 ரூபாய் பாஸ் 2025 மார்ச்சில் வந்திருக்கிறது. முதல் பாஸைவிட இது 1,000 ரூபாய் அதிகம். உங்களுக்கு ஒரு ஏசி பயணம் 50 ரூபாய் என்பதால், மாதம் 20 தடவைக்கு மேல் ஏசியில் போனால்தான் அது கட்டுப்படியாகும். பத்து தடவைக்கு வேண்டாம், அப்போதைக்கப்போது டிக்கெட் எடுங்கள்.

பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கும் மாதத்தில் மட்டும் 1,000 ரூபாய் பாஸும் வேண்டாம், அந்த மாதம் முதலுக்கே வராது. மற்ற மாதங்களில் மிச்சமாகும் 970 ரூபாயில் 700-ஐ அஞ்சலக ஆர்டியில் (மாதாமாதம் ஒரே தொகை போடும் சேமிப்பு) போட்டுவாருங்கள். பின்னால் ஸ்கூட்டர் வாங்கும்போது கடன் அந்த அளவுக்குக் குறையும்.