தாயிடமிருந்து பிரித்த ஆட்டுக்குட்டிகள் ராத்திரியெல்லாம் கத்துகின்றன, சோறு வடித்துக் கொடுக்கலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சந்தையில் வாங்கிய 2 குட்டிகள், மூன்று மாதம் என்று சொல்லி விற்றார்கள், வந்ததிலிருந்து ஒரே கத்தல், தீனியில் வாய் வைக்கவில்லை என்கிறீர்கள்.

சோறு வேண்டவே வேண்டாம். எங்கள் வியாசர்பாடிப் பக்கம் வீட்டு வாசலில் ஆடு வளர்ப்பவர்கள் அதிகம். குட்டி கத்துவது பொறுக்காமல் பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணம் சோறு வைப்பார், எதிர்வீட்டுப் பையன் இட்லி போடுவான், ஞாயிற்றுக்கிழமையானால் பிரியாணி மிச்சம். குட்டியும் ஆசையாகத் தின்னும். ஆனால் பால் குடிக்கிற வயதில் அதன் முதல் இரைப்பை சின்னதாகத்தான் இருக்கும். பால் அதைத் தாண்டி நேரே நான்காவது இரைப்பைக்குப் போய்விடும். தழை தின்னத் தின்னத்தான் முதல் இரைப்பை வளரும், தீனியைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் அதில் பெருகும். அதற்குள் சோற்றை நிறையக் கொடுத்தால் உள்ளே புளித்து அமிலமாகிவிடும். அசை போடுவது நிற்கும், வயிறு உப்பும், விடிந்து பார்த்தால் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும். அந்த நிலையில் காப்பாற்றுவது கஷ்டம்.

கத்தல் மூன்று நான்கு நாளில் தானாகக் குறைந்துவிடும். இரண்டையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் கட்டுங்கள், ஒன்றுக்கொன்று துணை.

விற்றவரின் நம்பர் இருந்தால் அங்கே என்ன தின்றன என்று கேளுங்கள். ஒரு வாரம் அதையே கொடுத்து, அப்புறம் புதுத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். அகத்தி, பூவரசு, வேப்பிலை, முருங்கைத் தழை எல்லாம் நல்லது. கட்டாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் விழுந்து மிதிபட்ட தழையை ஆடு தொடாது. மழையில் நனைந்திருந்தால் உலர்த்திப் போடுங்கள். தவிடும் புண்ணாக்கும் முதலில் ஒரு கைப்பிடி போதும். நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ரோட்டு நடுவில் பூத்து நிற்கும் அரளிப் பக்கம் மட்டும் விடாதீர்கள், அது விஷம்.

குட்டியைத் தூக்கி எடை பாருங்கள். 8, 10 கிலோ இருந்தால் பால் இல்லாமல் சமாளிக்கும். 5, 6 கிலோதான் என்றால் வயதைக் கூட்டிச் சொல்லி விற்றிருக்கலாம். அப்படியானால் பசும்பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, காலையும் மாலையும் பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தலையை ரொம்ப அண்ணாத்திப் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

நம் பக்கத்துத் தெருக்களில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பது உங்களுக்கே தெரியும். ஈரத்தரையில் படுத்தால் ரத்தக் கழிச்சல் வரும். குடோன்களில் கழித்துப்போடும் மரப் பேலட் ஒன்று கிடைத்தால் அதன்மேல் படுக்க விடுங்கள். இடுக்கில் கால் மாட்டாமல் பலகை நெருக்கமாக இருக்க வேண்டும்.

ஆட்டுக்கு 102, 103 டிகிரி இயல்பான சூடுதான், அதைக் காய்ச்சல் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் இடது பக்க வயிறு உப்பினாலோ, கழிச்சலில் ரத்தம் தெரிந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாலோ கை வைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்குத் தூரமில்லை, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

குட்டிகள் தீனிக்குப் பழகியதும் அங்கேயே புழுக்கையைக் காட்டிக் குடற்புழு மருந்து கேளுங்கள். எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வாங்கிய அளவு உங்கள் குட்டிக்குச் சரிவராது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி உண்டு. துள்ளுமாரி திடீர்த் தீனி மாற்றத்தில் கொழுகொழுவென்று இருக்கும் குட்டிக்கே வரும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதனால் அந்த ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.