சுமத்ராவில் கடலடி அதிர்ந்தால் வெள்ளவத்தையில் எப்போது வெளியேறுவது?

வெள்ளவத்தையிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறோம். சுமத்ராப் பக்கம் நிலநடுக்கம் என்று கைத்தொலைபேசியில் அறிவித்தல் வரும்போதெல்லாம் சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் 'உடனே வெளிக்கிடுங்கோ' என்கிறார்கள். இங்கே ஒன்றும் ஆடுவதில்லை, கடலும் வற்றுவதில்லை. மாமிக்கு முழங்கால் வருத்தம். படி இறங்குவதே பெரும்பாடு. எதை நம்பி, எப்போது, எங்கே போவது?"

நிலம் ஆடுவது, கடல் வற்றுவது ஆகிய இரண்டையும் நீங்கள் முன்னறிகுறிகளாக எதிர்பார்க்கிறீர்கள். கொழும்பில் இவ்விரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது என்பதுதான் என் முதற் பதில்.

சுமத்ராவை ஒட்டிய சிமலூ தீவில், 1907 ஆம் ஆண்டின் பேரலைக்கு (சுனாமிக்கு) பிறகு, நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அதனால் 2004 இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. அந்த அறிவு அவர்களுக்குப் பொருந்தும், ஏனெனில் நடுக்கம் நிகழ்வது அவர்களின் காலடியில். நமக்கும் அந்த இடத்துக்கும் இடையே 1,600 முதல் 1,800 கிலோமீற்றர் கடல் கிடக்கிறது. நிலத்தின் ஆட்டம் இங்கே வந்து சேரும்போது தேய்ந்துவிடும், அலை தேய்வதில்லை. ஆகவே வீடு ஆடவில்லை என்பது உங்களுக்கு எந்த உறுதியையும் தராது.

கடல் வற்றுவதைப் பற்றிய நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. சுமத்ராவின் மேற்கே இந்தியத் தட்டு (பூமியின் மேலோடான பெரும் பாறைப் பாளங்களில் ஒன்று) கிழக்கிலுள்ள தட்டின் கீழே செருகிக்கொண்டிருக்கிறது. உராய்வால் பூட்டிக்கொள்ளும் இடங்களில் மேல்தட்டின் விளிம்பும் சேர்ந்து கீழே இழுபட்டு, நூற்றாண்டுக் கணக்கில் வளைந்து, பூட்டு விடும் நாளில் மேலே துள்ளுகிறது. துள்ளும் விளிம்பு மேற்குப் பக்கம், நம்மை நோக்கிய பக்கம். அதற்குக் கிழக்கே கடலடி தாழ்கிறது. எனவே 2004 இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் வற்றியது, இலங்கைக்கோ முதலில் வந்தது ஏற்றம்தான். களுத்துறையில் கடல் உள்வாங்கிய செய்மதிப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது முதல் அலைக்குப் பிந்திய வற்றல். ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் நடந்ததும் இதுவே. கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 6.50 க்குப் புறப்பட்ட ரயில் முதல் அலையின் வெள்ளத்தில் நின்றது. ஊர்மக்களும் அந்தப் பெட்டிகளே பாதுகாப்பு என்று அவற்றின் மேலும் மறைவிலும் ஒதுங்கினார்கள். அடுத்து வந்த, மிக உயரமான அலை பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. இரண்டு முகடுகளுக்கிடையே பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். முதலாவதே பெரியது என்ற விதியும் இல்லை.

அப்படியானால் கைத்தொலைபேசியில் நிலநடுக்கத்தின் அளவாக வரும் எண்ணை நம்பலாமா? அதையும் பாதிதான். 2004 டிசம்பர் 26 அன்று ஹவாயிலுள்ள பசிபிக் பேரலை எச்சரிக்கை நிலையத்திலிருந்து வந்த முதல் கணிப்பு 8.0, ஒரு மணி நேரத்தின் பின் 8.5, இறுதியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது 9.1. ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு உடைப்பு ஓடி முடியவே எட்டு, பத்து நிமிடங்கள் எடுத்ததால், முதலில் வந்த அதிர்வுகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு குறைவாகத்தான் விழும். மறுபுறம், பெரிய எண் எல்லாம் பேரலையைத் தருவதும் இல்லை. 2005 மார்ச் 28 இல் நியாஸ் தீவருகே 8.6, உயர்ந்த பகுதியில் பெரும்பங்கு தீவுகளும் ஆழமற்ற கடலுமாக இருந்ததால் தள்ளப்பட்ட நீர் குறைவு. 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகல் இரண்டு மணியளவில் மறுபடியும் 8.6, இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று 8.2, கொழும்பில் பலர் அலுவலகங்களை விட்டு வீதிக்கு இறங்கிய அந்த நாளிலும் பெரிய அலை எதுவும் வரவில்லை, ஏனெனில் அங்கே பாறைகள் மேலெழவில்லை, பக்கவாட்டில் வழுக்கின. நீரைத் தூக்குவதற்குக் கடலடி தூக்கப்பட வேண்டும்; அது நடந்ததா என்பதை நிலநடுக்கத்தின் அளவு மட்டும் சொல்லாது.

அதைச் சொல்பவை ஆழ்கடலில் வைத்திருக்கும் அழுத்தமானிகளும் கரையோர நீர்மட்டமானிகளும். 2004 இல் அலை புறப்பட்டு இரண்டு மணி நேரத்தின் பின், தற்செயலாக மேலே கடந்துபோன செய்மதி ஒன்று நடுக்கடலில் அளந்த உயரம் வெறும் 60 சென்ரிமீற்றர் அளவுதான். கப்பலில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இன்று கடலடி அழுத்தமானிகள் இத்தகைய மாற்றத்தைச் சென்ரிமீற்றர் கணக்கில் கண்டுபிடித்துவிடும். இந்து சமுத்திரத்துக்காக இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இத்தரவுகளை வைத்துக் கணிப்பை அனுப்புகின்றன. இங்கே வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கையை விடுக்க, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மக்களிடம் கொண்டுசேர்க்கிறது. அதன் 117 என்ற இலக்கத்தை வீட்டிலுள்ள எல்லோருடைய தொலைபேசியிலும் இன்றே பதிந்துவையுங்கள். ('இத்தனையாம் திகதி பெரிய நிலநடுக்கம் வரும்' என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைப் படிக்காமலே அழித்துவிடலாம், நாளும் நேரமும் குறித்து முன்கூட்டிச் சொல்லும் முறை உலகில் எவரிடமும் இல்லை.)

நமக்கு வாய்த்த பெரிய சாதகம் நேரம். 4,000 மீற்றர் ஆழத்தில் பேரலை மணிக்கு 700 கிலோமீற்றர் அளவில் ஓடும். அப்படி ஓடியும் 2004 இல் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், தெவுந்தர முனையைச் சுற்றி வளைந்து கொழும்பை அடைய ஏறத்தாழ மூன்று மணி நேரமும் எடுத்தது. எனவே, சுமத்ரா–அந்தமான் பகுதியில் 8 ஐ நெருங்கிய அல்லது தாண்டிய, ஆழமற்ற கடலடி நடுக்கம் என்று அறிந்தால், வானொலியையோ தொலைக்காட்சியையோ போட்டுவிட்டு ஆயத்தமாகுங்கள்: மாமியின் மருந்து, கிளினிக் கொப்பி, அடையாள அட்டைகள், தண்ணீர், டோர்ச் லைட். வெளியேறும்படி அறிவிப்பு வந்தால் விவாதிக்காமல் புறப்படுங்கள். 7 ஐ ஒட்டிய நடுக்கத்துக்கெல்லாம் மாமியைப் படியிறக்குவது தேவையற்ற தண்டனை.

போகும் திசை கிழக்கு. ஒழுங்கை வழியே காலி வீதிக்கு ஏறி, அதைக் கடந்து ஹவ்லொக் வீதிப் பக்கம் நடவுங்கள். வாகனத்தை எடுத்தால் காலி வீதி நெரிசலில் நிற்பீர்கள். ஆனால் வெள்ளவத்தை இரண்டு கால்வாய்களுக்கு நடுவே கிடக்கும் இடம்: வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய், தெற்கே தெஹிவளைக் கால்வாய். பேரலை கடற்கரையில் ஏற முடியாத தூரத்துக்கும் கால்வாய் வழியே நுழையும். ஆகவே கடலிலிருந்து எவ்வளவு தள்ளி வந்தாலும் கால்வாய்க் கரையில் நிற்க வேண்டாம், பாலத்தின் மேல் நின்று படமெடுக்கவும் வேண்டாம்.

மாமியைப் பொறுத்தவரை, நேரம் இருந்து அறிவிப்பும் வந்தால், ஆட்டோ ஒன்றில் ஒருவரைத் துணைக்கு வைத்து முதலிலேயே அனுப்பிவிடுவது நல்லது. பிந்திவிட்டால் இறங்கவே வேண்டாம். இரும்புக்கம்பி வைத்துக் கட்டிய கொங்கிறீற் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மேல் இருப்பது, வெள்ளத்துக்குள் நடப்பதை விடப் பல மடங்கு மேல். வாகனம் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைத் தூண்களோடு திறந்து விட்டிருந்தால், தண்ணீர் ஊடே போய்விடும் என்பதால் இந்த விடயத்தில் அது அனுகூலமே. ஆனால் கீழே நிற்கும் காரை எடுக்க ஒருவரும் இறங்கக் கூடாது. மின்பலகை பெரும்பாலும் கீழ்த்தளத்திலேயே இருக்கும், தண்ணீர் புகுந்தால் லிப்ட் இடைவழியில் நின்றுவிடும்.

கடைசியாக, திரும்புவது. கொழும்புக்கு வரும் அலைகளில் சில நேரே வருபவை அல்ல. 2004 இல் மாலைதீவு வரை போய் மோதித் திரும்பியவையும் பல மணி நேரத்தின் பின் நம் மேற்குக் கரையைத் தொட்டன. கடல் அடங்கியது போலத் தெரிகிறது என்று அயலவர் யாரும் சொன்னால் போதாது. எச்சரிக்கை நீக்கப்பட்டதாக அனர்த்த முகாமைத்துவ நிலையம் அறிவித்த பிறகே மரைன் டிரைவ் பக்கம் இறங்குங்கள், தண்ணீர் ஏறியிருந்தால் பிரதான மின் ஆளியை மின்சாரம் தெரிந்தவரைக் கொண்டு பார்க்காமல் போடாதீர்கள்.