ஊருணித் திட்டத்துக்கு ஊராரின் சம்மதம் பெறுவது எப்படி?

கேள்வி: தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வெளிநாட்டு நிதி பெறும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக இருக்கிறேன். ஊருணியைத் தூர்வாரிக் கரையில் சிமென்ட் தளம் போடும் திட்டம் தலைமையகத்திலேயே முடிவாகி வந்துவிட்டது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை தொடங்க நாள் கேட்டால் யாரும் பிடிகொடுக்கவில்லை. விரைவில் அயல்நாட்டு அலுவலர்கள் பார்வையிட வருகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தத் தலையாட்டலைச் சம்மதமாகக் கணக்கில் கொள்ளாதீர்கள். ஊர் தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்வதை நம் பகுதி மக்கள் மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். பணத்தோடு வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்வது இன்னும் கடினம். வரைபடத்தை எடுத்து வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை எடுப்பவர்களோடு ஊருணியைச் சுற்றி நடந்து வாருங்கள். மழைநீர் எந்த வரத்துக்கால் வழியாக வருகிறது, அது எங்கே அடைபட்டிருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் களிமண் படுகை இருக்கிறது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் தூர்வாரியும் பயனில்லை. ஆழப்படுத்தும் ஆர்வத்தில் இயந்திரம் களிமண் அடுக்கை வெட்டிவிட்டால், தேங்கும் நீரும் கசிந்துவிடும். குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும் ஊரானால், சிமென்ட் தளம் வந்தபின் அது துவைக்கும் துறையாகிவிடுமோ என்ற அச்சம்கூட இந்த மௌனத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஊராட்சித் தலைவர், அம்பலம் எனப்படும் ஊர்த் தலைவர், கோயில் நிர்வாகிகள், ஊருணியை வெட்டிய நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பத்தினர் வெளியூரில் இருந்தால் அவர்கள் என எல்லோருடைய கருத்தும் தேவை. ஆனால் நாள்தோறும் குடம் சுமக்கும் பெண்களையும், பட்டியலின மக்களையும் அவரவர் குடியிருப்புக்கே சென்று தனியாகச் சந்தியுங்கள். பொதுக்கூட்டத்தில் அவர்கள் மனம்விட்டுப் பேசுவது அரிது. பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு. ஒரு சாராரைத் தடுக்கும் ஊருணியை அப்படியே செப்பனிட்டால், அந்தத் தடைக்கு உங்கள் நிதியே துணைபோனதாகிவிடும். இதில் ஊர் வழக்கத்தை மதிக்கிறோம் என்று விலகி நிற்பதை நான் ஏற்கமாட்டேன்.

பேசி முடித்தபின் திட்டத்தைக் கிராம சபையில் வையுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளாகவும் இருப்பதால் இதற்குப் பொருத்தமானது. மொத்த நிதி, அதில் நிர்வாகச் செலவு, குறைகளை யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வெளிநாட்டு நிதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிட முடியாது என்பதையும் ஊரார் அறியட்டும்.

தலைமையகத்துக்கு எழுதும்போது, செஞ்சிலுவை இயக்கமும் பிற உதவி அமைப்புகளும் 1994இல் வெளியிட்ட நடத்தை நெறிகளைச் சுட்டிக்காட்டுங்கள். நிதி தருபவருக்கு மட்டுமல்லாமல் உதவி பெறுபவருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம் என்றும், விளம்பரத்தில் அவர்களைக் கதியற்றவர்களாகக் காட்டக் கூடாது என்றும் அவை கூறுகின்றன. அது பேரிடர் நிவாரணத்துக்காக எழுதப்பட்டது என்றாலும் இங்கும் பொருந்தும். ஆகவே கேட்காமல் எவரையும் படம் எடுக்க வேண்டாம். அலுவலர்களின் வருகையைக் கிராம சபைத் தீர்மானத்துக்குப் பிறகும், ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கும் நாட்களைத் தவிர்த்தும் வைத்துக்கொள்ளுங்கள்.