காலையில் 110, ஹெச்பிஏ1சி மட்டும் 8.2: மீட்டரை மாற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் வீட்டு மீட்டரில் பார்க்கிறோம். 110, 115 என்றுதான் காட்டுகிறது. ஆனால் போன வாரம் எடுத்த ஹெச்பிஏ1சி 8.2. மீட்டர் கோளாறா? புதிது வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில், பார்க்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஹெச்பிஏ1சி 8.2 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் ரத்தச் சர்க்கரைச் சராசரி ஏறத்தாழ 190. காலையில் 110 இருப்பவருக்குச் சராசரி அவ்வளவு வருகிறது என்றால், பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு 200-ஐத் தாண்டுகிறது என்று அர்த்தம். காலையில் மட்டும் பார்த்தால் அது எப்படித் தெரியும்?

அதனால் ஜோடியாகப் பாருங்கள். ஒரு நாள் காலை உணவுக்குச் சற்று முன் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. இந்த இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து கணக்கிட வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. ஒரு நாள் விட்டு மதிய உணவுக்கு, அப்புறம் இன்னொரு நாள் விட்டு இரவு உணவுக்கு. இப்படிச் செய்தாலும் ஸ்ட்ரிப் (மீட்டரில் செருகும் பட்டை) செலவு இப்போது ஆகிற அளவுதான். பொதுவாக முன்பு 80 முதல் 130, பின்பு 180-க்குக் கீழ் என்பது இலக்கு. அப்பாவின் வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து மருத்துவர் இதை மாற்றலாம். எண்ணோடு நேரத்தையும், என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சியே மாறிக் காட்டலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம், எந்த நேரமானாலும் உடனே பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இது முக்கியம். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மீட்டர் கைவசம் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் சர்க்கரையைக் கொடுங்கள். காய்ச்சல் நாட்களிலும் கூடுதலாகப் பார்ப்பது நல்லது. பின்னாளில் இன்சுலின் தொடங்கினால் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன், வண்டி ஓட்டும் முன் என்று அட்டவணையே வேறு.

மீட்டர் மேல் இன்னும் சந்தேகமா? அடுத்த முறை லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும்போதே விரலிலும் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட பின் ஒப்பிட வேண்டாம், அப்போது விரல் ரத்தத்தில் இயல்பாகவே கூடுதலாகக் காட்டும். லேபில் 120 என்றால் மீட்டர் 102 முதல் 138 வரை காட்டலாம். 15 சதவீத வித்தியாசத்தை மீட்டர்களுக்கான தர விதிமுறையே அனுமதிக்கிறது. குத்துவதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். பழம் உரித்த விரலில் குத்தினால் நல்ல மீட்டரும் தப்பாகத்தான் காட்டும்.

அப்படியும் மாற்ற வேண்டி வந்தால், மீட்டரின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு மீட்டருக்கு அதற்கான ஸ்ட்ரிப்தான் பொருந்தும். செலவு முழுவதும் அதில்தான். ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை, எப்போதும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். டப்பாவைத் திறந்த பின் எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளில் இருக்கும். அதற்குள் தீராதென்றால் மலிவு என்று பெரிய டப்பா வாங்காதீர்கள். மூடியையும் உடனுக்குடன் இறுக்கி மூடுங்கள், ஈரம் பட்ட ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது.